மாதிரி எண் 41

எலிசியோ மொந்தோயா கொண்டுவந்தது
ஒரு ரொட்டி உறை.
அதற்குள் பின்யோன் பைன் கிளை, ஒரு சாண் நீளம்,
மூலையில் இன்னும் ரொட்டித் துகள்.
"எங்கள் மரத்துக்குப் புற்று" என்றார்.
உட்காரவில்லை.
தொப்பியையும் கழற்றவில்லை.

நியூ மெக்ஸிகோவின் இந்த மாவட்ட வேளாண் அலுவலகத்தில்
என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும்
நோயின் பெயரோடுதான் வருகிறார்கள்.
அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

முதலில் கண்ணால்.
கணுவில் பிசின் உருண்டை திரண்டிருக்கிறதா? இல்லை.
அப்படியானால் அந்துப்பூச்சி அல்ல.
ஊசியிலையில் கறுப்பு எள் ஒட்டியதுபோல் செதில்? அதுவும் இல்லை.
தண்டையே சுற்றிப் பருத்த கட்டியானால்
பூஞ்சையின் கைவேலை,
அதைப் பிளந்தாலும் உள்ளே அறை இருக்காது.
இது வேறு.
இரண்டிரண்டாய்ப் பிறக்கும் ஊசிகள்
அடியில் ஒட்டிக்கொண்டு, தக்ளிபோல் நடுவில் உப்பி,
பச்சையில் தொடங்கி
சின்ன வெங்காயத் தோலின் நிறத்தில் முடிந்திருந்தன.

விரலால் தடவினேன்.
மரத்துக்கு வலிக்கிறதா என்று
அவர் என் முகத்தில் தேடினார்.

"புற்று இல்லை, வீடு" என்றேன்.
கொசுவிலும் சிறிய ஓர் ஈ முட்டையிட்டுப் போய்விடும்.
மிச்ச வேலை மரத்துடையது:
தன் சதையைக் குழைத்துச் சுவர் எழுப்பும்,
அந்தச் சுவரையே உணவாகவும் கொடுக்கும்.
மாசிக்காயும் காயல்ல,
ஓக் மரத்திடம் ஒரு குளவி கட்டி வாங்கிய அறை.

ஆனால் எந்த ஈ என்று உறுதியாகச் சொல்ல
வீட்டைப் பிளக்க வேண்டும்.
பிளேடால் கீறினேன்.
ஆரஞ்சு நிறத்தில் பதினேழு புழுக்கள்.
வெளிச்சம் பட்டதும் ஒன்றன்கீழ் ஒன்று ஒளியப் பார்த்தன.
அப்போதுதான் எலிசியோ தொப்பியைக் கழற்றினார்.

தம்பி கசிமீரோ வெட்டச் சொல்கிறானாம்.
மரம் வேலியோரம். வேலி வழக்கு பதினோரு வருடம்.
இந்த மரத்துக் கொட்டைகளைத்தான்
இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே போர்வை விரித்து
உலுக்கிப் பொறுக்கினார்கள், ஒரு காலத்தில்.
அதை அவர் சொல்லவில்லை.
"முன்பு நிறையக் காய்க்கும்" என்றார், அவ்வளவுதான்.

படிவத்தில் எழுதினேன்: வெட்டத் தேவையில்லை.
வீங்கிய ஊசிகள் காய்ந்து விழும், மரம் நிற்கும்.
மீதி ஒன்பது வீக்கங்களைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு
மல்துணியால் வாய் கட்டி, ஜன்னலில் வைத்தேன்.

ஜூன் மாதம் குப்பிக்குள் அசைவு.
ஈக்கள் இரண்டு.
குளவிகள் முப்பத்தொன்று,
பச்சையா கறுப்பா என்று தீர்மானிக்க விடாமல் மின்னின.
வாடகை கொடுக்காதவன் வீட்டுக்குள்
அவனைத் தின்னவே ஒருவன் குடிபுகுந்திருக்கிறான்.
எலிசியோவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆகஸ்டில் கசிமீரோ வந்தார்.
அதே ரொட்டி உறை, அதே கடை முத்திரை.
"அவன் மரத்திலிருந்துதான் என் மரத்துக்கு வந்தது.
அப்படி எழுதிக் கொடுங்கள்."

படிவத்தில் மரத்தின் பெயருக்குக் கட்டம் உண்டு,
பாகத்துக்கு உண்டு, காரணிக்கு உண்டு.
யாரிடமிருந்து என்பதற்கு இல்லை.

இந்த முறை பிளேடை எடுக்கவில்லை.
லென்ஸில் பார்த்தேன்:
குண்டூசியால் குத்தியதுபோல் வட்டத் துளைகள்.
ஈ வெளியேறியிருந்தால்
உரித்த சட்டையை வாசலில் தொங்கவிட்டுப் போயிருக்கும்.
சட்டை எதுவும் இல்லை.
"குளவி முந்திக்கொண்டது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம்
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"அண்ணன் மரத்திலும் இப்படித்தானா?"

குப்பியைக் காட்டினேன்.
அடியில் செத்துக் கிடந்தவற்றை
உதடு அசைய எண்ணத் தொடங்கினார்,
இருபதில் விட்டுவிட்டார்.

மாதிரி எண் 58.
வெட்டத் தேவையில்லை.
போகும்போது
ரொட்டி உறையைத் திருப்பிக் கேட்டார்.